சுவாதி கண்ணெதிர்ல இருக்கு, கருவி "அடிவானத்துக்குக் கீழே"ன்னு சொல்லுது

"இது காஸ்ட்லியான ஹாபி, தம்பி. உங்களை மாதிரி ஆளுங்களுக்குச் சரிப்பட்டு வராது."

எங்க களத்துமேட்டுல நின்னு, என் அக்கா மகன்கிட்ட ஒரு நண்பர் சொன்ன வார்த்தை இது. சொன்னவர் கெட்டவர் இல்லை. பெரிய ஊர்ல நல்ல வேலையில இருக்கார். வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை நட்சத்திரப் படம் எடுக்க கல்வராயன் மலைக்குப் போவார், போற வழியில தியாகதுருகத்துல இறங்கி நம்ம வீட்டுல சாப்பிட்டுட்டுப் போவார். அவர் பேர் இங்க வேணாம். அந்த வார்த்தையைத்தான் நான் பிடிச்சுக்கிட்டேன். ஏன்னா அதை அவர் ஒருத்தர் மட்டும் சொல்லலை. வானத்தைப் படம் எடுக்கற நகரத்து நண்பர்கள் நிறைய பேர் வெவ்வேறு விதமா இதையேதான் சொல்றாங்க. படம் சரியா வரலையா? கேமராவை மாத்து. நட்சத்திரம் கோடா விழுதா? மவுண்டை மாத்து. சாஃப்ட்வேர் மக்கர் பண்ணுதா? காசு கொடுத்து வேற வாங்கு. வாங்க முடியலையா? அப்ப இது உனக்கு இல்லை.

இந்தப் பதிவு அதுக்குப் பதில். கொஞ்சம் சூடாத்தான் இருக்கும், பொறுத்துக்கங்க.

முதல்ல நடந்ததைச் சொல்லிடறேன்.

2024 அக்டோபர் 12, சனிக்கிழமை, விஜயதசமி. சுசின்ஷான்-அட்லஸ் வால்நட்சத்திரம் பூமிக்கு மிகப் பக்கத்துல வந்த நாள். பக்கம்னா சுமார் 7 கோடி கிலோமீட்டர். செப்டம்பர் 27ல சூரியனைச் சுத்திட்டு, அந்த வாரம்தான் மேற்கு வானத்துல சாயங்காலம் தெரிய ஆரம்பிச்சிருந்துச்சு. சூரியன் இறங்கி ஒரு மணி நேரத்துக்குள்ள அதுவும் இறங்கிடும். இனிமே அது வர்றதுன்னா பல பத்தாயிரம் வருஷம் ஆகும், வராமலே போனாலும் ஆச்சரியம் இல்லை.

மாப்ள காலேஜ் படிக்கிறான். லீவு நாள்ல கள்ளக்குறிச்சியில ஒரு செல்போன் ரிப்பேர் கடையில வேலை பார்ப்பான். அந்தக் காசைச் சேர்த்து, பழசா ஒரு சின்ன தொலைநோக்கியும் மோட்டார் வெச்ச மவுண்டும் வாங்கியிருந்தான். மவுண்டுன்னா தொலைநோக்கியைத் தாங்கி, பூமி சுத்தறதுக்கு ஈடா மெதுவா திருப்பிக்கிட்டே இருக்கற கருவி. கையில ஒரு ரிமோட் மாதிரி கண்ட்ரோலர் இருக்கும். நட்சத்திரத்தோட பேரைக் கொடுத்தா அதுவே திரும்பிப் போய் நிக்கும். ஆயுத பூஜைக்கு எங்க டிராக்டரோட சேர்த்து அதுக்கும் சந்தனம் குங்குமம் வெச்சோம். மறுநாள்தான் முதல் முறையா களத்துல நிறுத்தி, கண்ட்ரோலர் வழியா ஓட்டிப் பார்க்கறான்.

ஊர், தேதி, மணி எல்லாம் கொடுத்தான். மேற்கே சுவாதி நட்சத்திரம் பளிச்சுன்னு இருந்துச்சு. ஆங்கிலத்துல ஆர்க்டூரஸ். சரி, முதல்ல அதைப் பிடிப்போம்னு கொடுத்தான். கண்ட்ரோலர் சொல்லுது: அந்த நட்சத்திரம் அடிவானத்துக்குக் கீழே இருக்கு. கண்ணெதிர்ல மின்னுது, இது கீழே இருக்குங்குது. திரும்பக் கொடுத்தான். அதே பதில்.

நம்ம நண்பர் வந்து பார்த்தார். "பழைய மாடல். ஃபர்ம்வேர்ல பிரச்சினை. அப்டேட் பண்ணணும். அதுக்கும் வரலைன்னா போர்டு போயிருக்கும்"னார். லேப்டாப்பைத் திறந்தார். செல்போன்ல இருந்து நெட் கொடுத்தார். எங்க களத்துல ரெண்டு புள்ளி சிக்னல் வந்தா பெருசு. பாதி ஏறிச்சு, நின்னுச்சு. கண்ட்ரோலர் செத்த மாதிரி ஆயிடுச்சு. அஞ்சு பேர் லேப்டாப் வெளிச்சத்துல குனிஞ்சு நிக்கறோம். கட்டில்ல பைனாகுலர் கிடக்கு, யாரும் எடுக்கலை. டிரைபாட்ல கேமரா சும்மா நிக்குது, யாரும் தொடலை. நிமிர்ந்து பார்த்தப்போ மேற்கே எல்லாம் இருட்டிப் போச்சு. வால்நட்சத்திரம் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கியாச்சு.

அப்பதான் அந்த வார்த்தை வந்துச்சு. காஸ்ட்லியான ஹாபி, தம்பி.

அவன் ஒண்ணும் சொல்லலை. தினமும் பத்து செல்போனைத் திறந்து, மல்டிமீட்டர் வெச்சு எந்த இடத்துல கரண்டு நிக்குதுன்னு கண்டுபிடிக்கிறவன், அன்னைக்குக் கையைக் கட்டிக்கிட்டு நின்னான். ராத்திரி அக்காகிட்ட, "வித்துடறேம்மா"ன்னு சொல்லியிருக்கான்.

மறுநாள் சிக்னல் நல்லா வர்ற இடத்துக்கு எடுத்துட்டுப் போய் அந்த ஃபர்ம்வேரை முழுசா ஏத்தினோம். கண்ட்ரோலருக்கு உயிர் வந்துச்சு. சாயங்காலம் திரும்ப நிறுத்தி தேதி கொடுக்கறான். 13/10/2024. கண்ட்ரோலர் ஏத்துக்க மாட்டேங்குது. தப்பான தேதின்னு சொல்லுது. ஒரு நிமிஷம் அப்படியே நின்னான். அப்புறம் தலையில அடிச்சுக்கிட்டான். "மாமா, இது மாசத்தை முதல்ல கேக்குது!"

விஷயம் அவ்வளவுதான். அமெரிக்க வழக்கப்படி மாசம் முதல்ல, நாள் ரெண்டாவது. முந்தின நாள் அவன் 12/10னு கொடுத்தது அக்டோபர் 12 இல்லை, டிசம்பர் 10. ரெண்டு தேதியும் செல்லும் தேதிங்கறதால கருவி வாயைத் திறக்கலை. 13வது மாசம்னு ஒண்ணு இல்லாததால மறுநாள்தான் கத்துச்சு. தேதி ரெண்டு மாசம் தள்ளிப்போனா, வானம் கிட்டத்தட்ட நாலு மணி நேரம் தள்ளிப்போகும். டிசம்பர் 10 சாயங்காலம் அந்த நேரத்துக்கு சுவாதி நிஜமாவே அடிவானத்துக்குக் கீழேதான். கருவி உண்மையைத்தான் சொல்லிச்சு. போர்டு போகலை, மோட்டார் போகலை, ஃபர்ம்வேர் போகலை.

அன்னைக்கு மேற்கே கருமேகம். அடுத்து பருவமழை பிடிச்சுக்கிச்சு. அந்த வால்நட்சத்திரத்தை நாங்க படம் எடுக்கவே இல்லை.

இதுல எனக்கு வயித்தெரிச்சல் எங்கன்னா, அந்த வால்நட்சத்திரத்துக்கு மவுண்டே தேவையில்லை. டிரைபாட்ல கேமராவை வெச்சு ஒண்ணு ரெண்டு செகண்ட் எடுத்திருந்தாலே வால் தெரிஞ்சிருக்கும். பிரச்சினை என்னன்னு கேக்காம, எதை மாத்தணும்னு கேட்டதால போச்சு.

இப்ப எங்க ஊர் வழக்கத்துக்கு வர்றேன். கிணத்து மோட்டார் தண்ணி ஏத்தலைன்னா நாங்க என்ன பண்றோம்? முதல்ல மூணு ஃபேஸும் வருதான்னு பார்ப்போம். அப்புறம் ஃபியூஸ். அப்புறம் ஸ்டார்ட்டர். அப்புறம் ஃபுட்வால்வுல குப்பை அடைச்சிருக்கா, பைப்புல எங்கயாவது காத்து இழுக்குதான்னு பார்ப்போம். எல்லாம் சரின்னாத்தான் மோட்டாரைக் கழட்டி காயில் கட்டற கடைக்கு வண்டியில ஏத்துவோம். செலவில்லாததை முதல்ல, செலவுள்ளதைக் கடைசியில. ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும். மூணை ஒண்ணா மாத்தினா எது கோளாறுன்னு கடைசி வரைக்கும் தெரியாது.

இதே ஒழுங்கு வானத்துப் படத்துக்கும் போதும். எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் வரிசையாச் சொல்றேன். நீங்க எந்தக் கம்பெனி கருவி வெச்சிருந்தாலும் இது பொருந்தும்.

முதல்ல கரண்டு. மவுண்ட் திடீர்னு நிக்குது, தானா ரீஸ்டார்ட் ஆகுது, விநோதமா சத்தம் போடுதுன்னா பாதி நேரம் கரண்டுதான். 12 வோல்ட் பேட்டரி நல்லாத்தான் இருக்கும். ஆனா அஞ்சு மீட்டர் தூரத்துக்கு ஸ்பீக்கர் ஒயர் மாதிரி ஒல்லியான ஒயர் இழுத்திருப்பீங்க. அரை ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர்ல, போக அஞ்சு வர அஞ்சு, மொத்தம் பத்து மீட்டர். அதோட தடை ஓம்ல மூணுல ஒரு பங்கு. மோட்டார் வேகமாத் திரும்பும்போது 3 ஆம்பியர் இழுத்தா ஒரு வோல்ட் ஒயர்லயே போச்சு. 12ன்னு கிளம்பினது 11ஆத்தான் போய்ச் சேருது. ஷெட்டுல கிடக்கற 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயரைப் போடுங்க, இழப்பு 0.2 வோல்ட்டா குறைஞ்சிடும். மல்டிமீட்டர்ல அளக்கும்போது மவுண்ட் திரும்பிக்கிட்டு இருக்கணும். சும்மா நிக்கும்போது அளந்தா எல்லாம் சரின்னுதான் காட்டும். கார்ல சிகரெட் லைட்டர்ல சொருகற பிளக்கை நம்பவே நம்பாதீங்க. அது ஆடும். எங்க ஊர்ல இன்னொண்ணும் உண்டு: எலி கடிச்ச ஒயர்.

அடுத்து, நீங்க கொடுத்த விவரம். தேதி சொல்லிட்டேன். நம்ம நேரம் கிரீன்விச்சை விட 5:30 முன்னாடி. அந்த அரை மணியை விட்டுட்டு 5ன்னு மட்டும் கொடுத்தா வானம் 7.5 டிகிரி தள்ளிப்போகும். 15 முழுநிலவைப் பக்கத்துல பக்கத்துல அடுக்கின அகலம். டேலைட் சேவிங்னு ஒண்ணு கேக்கும். நமக்கு அது கிடையாது, வேணாம்னு கொடுக்கணும். தீர்க்கரேகைக்குக் கிழக்கு. மேற்குன்னு அழுத்தினா நீங்க கரீபியன் கடல்ல நிக்கறதா கருவி நினைச்சுக்கும்.

மூணாவது, துருவம். இங்கதான் வெளிநாட்டு வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டவங்க மாட்டறாங்க. அவங்க ஊர்ல துருவ நட்சத்திரம் 40, 50 டிகிரி உசரத்துல நிக்கும். தியாகதுருகம் 11.7 டிகிரி அட்சரேகை. நமக்கு அது அடிவானத்துல இருந்து 12 டிகிரிதான். பனைமரம் மறைக்கும், மூட்டம் மறைக்கும். எங்க களம் கோட்டை மலைக்குத் தெக்கால இருக்கறதால எனக்கு மலையே மறைச்சிடுது. பல மவுண்டுல அவ்வளவு கீழ வரைக்கும் சாய்க்க போல்ட்டே இறங்காது. இறங்கினாலும் எடைக்கம்பி டிரைபாட் கால்ல இடிக்கும். உடனே "இந்த மவுண்ட் இந்தியாவுக்கு ஆகாது"ன்னு தீர்ப்பு எழுதிடறாங்க. டிரைபாட் காலைக் கொஞ்சம் திருப்பி வெச்சா கம்பி இடிக்காது. போல்ட் இறங்கலைன்னா தெக்குப் பக்கத்துக் காலுக்கு அடியில ஒரு கட்டை கொடுங்க. மவுண்டே வடக்கே சாய்ஞ்சு மிச்ச டிகிரி கிடைச்சிடும். மட்டம் போயிடுமேன்னு கவலைப்படாதீங்க. அச்சு துருவத்தைப் பார்த்தா போதும், டிரைபாட் மட்டமா இருக்கணும்னு வானத்துக்குக் கட்டாயம் இல்லை.

துருவ நட்சத்திரமே தெரியலைன்னா? தலைக்கு மேல வடக்கு-தெக்குக் கோட்டுக்குப் பக்கத்துல, வான நடுக்கோட்டை ஒட்டின ஒரு நட்சத்திரத்தைப் பிடிச்சு அது எந்தப் பக்கம் நகருதுன்னு பாருங்க. வடக்கே நகர்ந்தா அச்சு மேற்கே ஒதுங்கியிருக்கு. தெக்கே நகர்ந்தா கிழக்கே ஒதுங்கியிருக்கு. அடுத்து கிழக்கே கீழ ஒரு நட்சத்திரம். அது வடக்கே நகர்ந்தா அச்சு உசரம் அதிகம், தெக்கே நகர்ந்தா உசரம் குறைவு. கம்ப்யூட்டர் வருமுன்னயே இருந்த வழி இது. பொறுமைதான் செலவு. லேப்டாப் இருந்தா நினாங்கற இலவச சாஃப்ட்வேர்ல, வானத்துல மூணு இடத்துல படம் எடுத்து இதைக் கணக்குப் போடற வசதி இருக்கு. அதுக்கும் துருவ நட்சத்திரம் தேவையில்லை.

நாலாவது, நட்சத்திரத்தோட வடிவம். இலையைப் பார்த்து நோயைச் சொல்ற மாதிரி, நட்சத்திரத்தைப் பார்த்துக் கோளாறைச் சொல்லலாம். படத்தைப் பெருசாக்கிப் பாருங்க. எல்லாம் வடை மாதிரி நடுவுல ஓட்டையோ, ஊதின உருண்டையாவோ இருந்தா ஃபோகஸ். எல்லாம் கிழக்கு-மேற்கா நீண்டிருந்தா மவுண்ட் ஓடறதுல பிரச்சினை: கரண்டு, எடை சமன், பல்சக்கரம், இல்லைன்னா மோட்டார் ஆனே ஆகலை. வடக்கு-தெக்கா மெல்ல நீண்டா துருவம் சரியில்லை. நடுவுல புள்ளியா இருந்து மூலையில மட்டும் இழுத்திருந்தா லென்ஸ், இல்லைன்னா கேமரா மாட்டின இடைவெளி. எல்லாம் இரட்டை இரட்டையா தெரிஞ்சா யாரோ டிரைபாட்ல இடிச்சிருக்காங்க. எங்க களத்துல அது பெரும்பாலும் கன்னுக்குட்டி.

மோட்டார் இல்லாம 200 எம்.எம். லென்ஸ்ல அஞ்சு செகண்ட் எடுத்துட்டு நட்சத்திரம் கோடா வந்துச்சுன்னு லென்ஸைத் திட்டக்கூடாது. வானம் ஒரு செகண்டுக்கு 15 ஆர்க்செகண்ட் நகருது. பழைய 18 மெகாபிக்சல் கேனான்ல, அந்த லென்ஸ்ல, அது ஒரு செகண்டுக்கு மூணு பிக்சலுக்கு மேல. அஞ்சு செகண்டுக்குப் பதினேழு. லென்ஸ் என்ன பண்ணும்?

அஞ்சாவது, பனி. மார்கழி, தை மாசத்துல பத்து மணிக்கு மேல படம் ஒண்ணொண்ணா மங்கிக்கிட்டே போகும், பிரகாசமான நட்சத்திரத்தைச் சுத்தி ஒளிவட்டம் கட்டும். சென்சார் சூடாயிடுச்சு, கேமரா போயிடுச்சுன்னு பேச்சு கிளம்பும். டார்ச்சை லென்ஸ்ல அடிச்சுப் பாருங்க. கண்ணாடி முழுக்கப் பனி. துணி வெச்சுத் துடைக்காதீங்க, கோடு விழும். லென்ஸ் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளத்துக்குக் கருப்பு ஃபோம் ஷீட்டை உருட்டி முன்னாடி மாட்டுங்க. அதுவும் போதலைன்னா 330 ஓம் ரெசிஸ்டர் பத்து, ஒவ்வொண்ணும் ஒரு வாட் தாங்கற மாதிரி வாங்கி, பேரலல்ல கோத்து, துணிப்பட்டியில தைச்சு லென்ஸைச் சுத்திக் கட்டி 12 வோல்ட் கொடுங்க. நாலரை வாட் வெப்பம் வரும், பனி இறங்காது. மாப்ள செஞ்சது இது. ரெசிஸ்டருக்கு ஆன செலவு ஒரு டீ, ஒரு பஜ்ஜி.

கடைசியாத்தான் சாஃப்ட்வேர். அதுலயும் பாதி ஒயர்தான். யு.எஸ்.பி. கேபிள் அஞ்சு மீட்டருக்கு மேல போனா தகராறு. நேத்து சொருகின ஓட்டையை விட்டு இன்னைக்கு வேற ஓட்டையில சொருகினா போர்ட் நம்பர் மாறிடும், மவுண்ட் கிடைக்கலைன்னு சொல்லும். விண்டோஸ் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கறேன்னு யு.எஸ்.பி.யைத் தூங்க வெச்சிடும். அந்த வசதியை முன்கூட்டியே நிறுத்தி வைங்க. நட்சத்திரத்தைப் பார்த்து மவுண்டை வழிநடத்தற பி.எச்.டி.2, "நட்சத்திரம் போதிய அளவு நகரலை"ன்னு சொன்னா சாஃப்ட்வேரை அழிச்சுட்டுத் திரும்ப ஏத்தாதீங்க. மவுண்டோட பிடியை இறுக்கினீங்களான்னு பாருங்க. மோட்டார் சுத்துது, குழாய் சுத்தலை, அவ்வளவுதான். நூறு படம் கொடுத்தும் ஒரே ஒரு படத்தைத்தான் அடுக்குவேன்னு டீப்ஸ்கைஸ்டேக்கர் சொன்னா அதுக்கு நட்சத்திரம் கண்ணுக்குப் படலைன்னு அர்த்தம். நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்கற அளவுகோலைக் குறைச்சுப் பாருங்க. அப்பவும் வரலைன்னா திரும்ப ஃபோகஸுக்குப் போங்க. படத்தைப் பார்த்து வானத்துல எந்த இடம்னு கண்டுபிடிக்கற ஆஸ்டாப் தோத்தா, லென்ஸோட ஃபோகல் லெங்த் சரியாக் கொடுத்தீங்களா, நட்சத்திரப் பட்டியலை இறக்கி வெச்சீங்களான்னு பாருங்க.

இறக்கி வெச்சீங்களான்னு கேக்கறேன், கவனிங்க. கல்வராயன் மலைக்குப் போய் நின்னுக்கிட்டு, "இங்க நெட்டே இல்லையா"ன்னு முகம் சுளிக்கறவங்களைப் பார்த்திருக்கேன். அரை மணி முன்னாடி அவங்கதான் "என்ன இருட்டு, என்ன இருட்டு"ன்னு பூரிச்சுப் போனவங்க. அந்த மலையில இருக்கற மலையாளிப் பழங்குடி மக்களுக்கு சிக்னல் இல்லாததுங்கறது பிரசவ நேரத்துல ஆம்புலன்ஸைக் கூப்பிட முடியாத பிரச்சினை. ரோடு இல்லை, வசதி இல்லைன்னு 2024ல சென்னை உயர் நீதிமன்றமே தானா முன்வந்து விசாரணைக்கு எடுத்துச்சு. உங்களுக்கு அது ஒரு ராத்திரி அப்டேட் ஆகாத பிரச்சினை. கிளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி எல்லாத்தையும் இறக்கி, வீட்டு மொட்டைமாடியில நெட்டை அணைச்சுட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. அதுக்கப்புறம் எதையும் அப்டேட் பண்ணாதீங்க. நடவு அன்னைக்கு டிராக்டர் எஞ்சினைப் பிரிக்கறவனைப் பார்த்திருக்கீங்களா?

நான் மேல சொன்ன நினா, பி.எச்.டி.2, டீப்ஸ்கைஸ்டேக்கர், ஆஸ்டாப் எல்லாம் இலவசம். வானத்தைத் திரையில காட்டற ஸ்டெல்லேரியம் இலவசம். படத்தை மெருகேத்தற சிரில் இலவசம். எழுதினவங்க சம்பளம் இல்லாம எழுதி, எல்லாருக்கும் கொடுத்திருக்காங்க. உலகத்துல யாரோ ஒருத்தர் எங்க மாப்ளைக்காக ராத்திரி கண்முழிச்சு சாஃப்ட்வேர் எழுதியிருக்கார். அவனை மாதிரி ஆளுக்குச் சரிப்படாதுன்னு அவர் நினைக்கலை. நீங்க எப்படி நினைச்சீங்க?

மறுத்துப் பேசறவங்க என்ன சொல்வாங்கன்னு தெரியும். "நல்ல கருவிக்கு நல்ல படம் வரத்தானே செய்யும்?" வரும். மறுக்கலை. பிளாஸ்டிக் டிரைபாட் ஆடத்தான் செய்யும். பல் தேஞ்ச சக்கரத்தை எவ்வளவு சரிபண்ணினாலும் தேஞ்சதுதான். பூஞ்சை தின்ன லென்ஸுக்கு வைத்தியம் கிடையாது. காசு போட வேண்டிய இடம் உண்டு. ஆனா அந்த இடம் எதுன்னு கண்டுபிடிச்ச பிறகு காசு போடுங்கறேன். காசு போடறதையே கண்டுபிடிப்புன்னு நினைக்காதீங்க.

எங்க பக்கத்துலயும் இந்த வியாதி இருக்கு, அதையும் ஒத்துக்கறேன். மக்காச்சோளம் மஞ்சளாப் போச்சுன்னா நேரா மருந்துக்கடைக்குப் போறோம். அவர் மூணு பாட்டிலைத் தூக்கிக் கொடுக்கறார். தண்ணி தேங்கி நின்னுச்சா, துத்தநாகம் பத்தலையான்னு வேரைப் பிடுங்கிப் பார்க்க ஆள் இல்லை. மருந்து விக்கறவர்கிட்டயே நோயைக் கேட்டா நோயோட பேர் பாட்டில்லதான் இருக்கும். இந்தப் பழக்கத்தால கடன்பட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். அதனாலதான் இது வானத்துக்கும் வந்துடுச்சேன்னு பதறுது.

ஒரு பழைய கதை சொல்லி முடிச்சுக்கறேன். எங்க ஊர்ல இருந்து நேர்கோட்டுல வடக்கே நூறு கிலோமீட்டர்ல ஜவ்வாது மலையில காவலூர் இருக்கு. வைணு பாப்பு அங்க தொடங்கினப்போ, 1968ல நிறுத்தின முதல் தொலைநோக்கி 38 சென்டிமீட்டர் அகலம். கொடைக்கானல்ல நம்மாளுங்களே பட்டறையில செஞ்சது. 1972ல ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்துச்சு. 1977 மார்ச் 10, யுரேனஸ் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னாடி போற ராத்திரி. காவலூர்ல பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அந்த நட்சத்திரத்தோட வெளிச்சத்தை அளந்துக்கிட்டு இருந்தாங்க. எதிர்பார்க்காத நேரத்துல சில நொடி வெளிச்சம் மங்கித் திரும்ப வந்துச்சு. ஒயர் ஆடிச்சு, மேகம் போச்சுன்னு அதை ஒதுக்கியிருக்கலாம். அவங்க ஒதுக்கலை. வானத்துல ஏதோ மறைச்சதுன்னு எடுத்துக்கிட்டு, யுரேனஸோட புது துணைக்கோளா இருக்கலாம்னு எழுதினாங்க. விமானத்துல தொலைநோக்கி வெச்சுப் பறந்த அமெரிக்கக் குழுவும் அதே மாதிரி மங்கலைப் பார்த்துச்சு. யுரேனஸுக்கு வளையம் இருக்குன்னு உலகத்துக்குத் தெரிஞ்சது அப்படித்தான். அவங்க சொன்ன துணைக்கோள் தப்பாப் போச்சு. ஆனா மங்கினது கருவி இல்லை, வானம்தான்னு சொன்னது சரி. தன் ஒயரையும் கரண்டையும் அறிஞ்சவங்களுக்குத்தான் அந்த தைரியம் வரும். நம்ம ஜவ்வாது மலையில வந்திருக்கு.

இந்தத் திறமைதான் இங்க பணயம். எது நம்ம கோளாறு, எது வானத்தோட சேதின்னு பிரிச்சுப் பார்க்கற திறமை. அது கடையில விக்கறது இல்லை. த்ரீ ஃபேஸ் கரண்டு ராத்திரிதான் வரும்னு ஒரு மணிக்கு எழுந்து தண்ணி கட்டப் போறவன்கிட்ட அது இருக்கு. கார்த்திகை உச்சிக்கு வந்ததையும் விடிவெள்ளி எழுந்ததையும் வெச்சு அவன் மணி சொல்வான். செல்போன் ரிப்பேர் கடையில ஸ்டூல்ல உக்கார்ந்திருக்கற பையன்கிட்டயும் இருக்கு. அவங்களைப் பார்த்து "உங்களுக்குச் சரிப்படாது"ன்னு சொல்றது, ஃபுட்வால்வைப் பார்க்காம மோட்டாரைத் தூக்கிப் போடறதுக்குச் சமம்.

மாப்ள விக்கலை. கண்ட்ரோலர் மேல ஒரு வெள்ளை டேப் ஒட்டி "மாசம் முதல்ல" அப்படின்னு பேனாவுல எழுதியிருக்கான். வேற ஒரு வால்நட்சத்திரம் எப்பவாவது வரும்.

அடுத்த அமாவாசைக்கு வர்ற நண்பர்களுக்கு: வாங்க, களம் சும்மாத்தான் இருக்கு, சாப்பாடு நம்ம வீட்டுல. உங்க கருவியோட விலையை எங்கிட்ட சொல்ல வேணாம். ஒரு மல்டிமீட்டர் எடுத்துட்டு வாங்க. இல்லைன்னாலும் பரவாயில்லை, பையன்கிட்ட இருக்கு. கேட்டு வாங்கிக்கங்க.